பாதி மின்சாரம் பசுமை என்கிறார்கள்; என் வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்தக் கணக்கைக் காட்டுவது?

வேலந்தாவளம் டீச்சர்

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழி ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் ஒரு சிக்கல். தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

2025 ஜூலையில் ஒரு செய்தி வந்தது. ஜூன் முடிவில் நாட்டின் மொத்த மின் நிறுவுதிறன் 484.8 கிகாவாட். அதில் 242.8 கிகாவாட், நிலக்கரியோ எரிவாயுவோ எரிக்காமல் கிடைப்பது. 2030க்குள் 50 சதவீதம் என்று வைத்த இலக்கை ஐந்து ஆண்டு முன்னதாகவே தொட்டுவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு மகிழ்ச்சி. செய்தியை வெட்டி வகுப்புப் பலகையில் ஒட்டினேன். அதற்குக் கீழே சாக்பீஸால், "நம் நாட்டில் எரியும் விளக்குகளில் பாதி இன்று பசுமை மின்சாரத்தில் எரிகிறது" என்று எழுதினேன்.

பின் பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய அப்பா தூத்துக்குடியில் நிலக்கரி லாரி ஓட்டுகிறவர். "பாதி குறைஞ்சிருந்தா அப்பாவுக்கு ஓட்டம் குறைஞ்சிருக்கணுமே டீச்சர், போன வருஷத்தைவிட இப்போ அதிகமாத்தான் ஓட்டுறாங்க" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வரியை அழித்துவிட்டேன்.

இந்த ஆண்டு முழுக்க மாதாமாதம் ஒரு வரைபடம் போட்டு, நாடு எவ்வளவு முன்னேறுகிறது என்று பிள்ளைகளே பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. எந்த எண்ணை எழுதுவது? எங்கிருந்து எடுப்பது? செய்தி பொய்யா?

பழைய ஆபரேட்டர், கொழிஞ்சாம்பாறை

டீச்சர், செய்தி பொய் இல்லை. நீங்கள் அந்த வரியை அழித்ததும் சரிதான். செய்தியில் இருப்பது மெகாவாட் கணக்கு (ஆயிரம் மெகாவாட் ஒரு கிகாவாட்), அதாவது நிலையங்கள் முழு வேகத்தில் ஓடினால் எவ்வளவு தர முடியும் என்பது. விளக்கு எரிவது யூனிட்டில், அதாவது உண்மையில் வந்த மின்சாரத்தில்; ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டதில் வந்த குழப்பம் இது. படித்தவர்கள் பலரும் இந்த இடத்தில் தவறுகிறார்கள்.

நான் சப்ஸ்டேஷனில் 31 வருஷம் ஆபரேட்டராக இருந்தவன். மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுதுவது என் வேலை. இரவு இரண்டு மணிக்கும் எழுதுவேன், ஓணத்தன்றும் எழுதுவேன், தீபாவளியன்றும் எழுதுவேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் தாலுகாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தமிழ்நாட்டில் இருந்து நமக்குத் தண்ணீர் வருகிற ஆளியாறு அணையின் கதைதான். சித்தூர் விவசாயி யாராவது அணையின் கொள்ளளவைக் கேட்டுக்கொண்டு நாற்று விடுவாரா? மணக்கடவில் எவ்வளவு அளந்து விட்டார்கள் என்றுதானே கேட்பார். இரு மாநில ஒப்பந்தப்படி நமக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி., அதை அளக்கிற இடம் மணக்கடவு அணைக்கட்டு. மெகாவாட் என்பது அணையின் அளவு. யூனிட் என்பது மணக்கடவில் அளந்த தண்ணீர்.

என் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு ஒரு நோட்டில் யூனிட்டை எழுதி வைக்கிறேன். மார்ச்சில் 14 யூனிட் வரும். ஜூன், ஜூலையில் வாளையார் பக்கம் மேகம் இறங்கினால் 4 யூனிட் வருகிற நாளும் உண்டு. போன வருஷம் மொத்தம் 4,100 யூனிட்டுக்குப் பக்கம். 3 கிலோவாட் இரவும் பகலும் 365 நாளும் முழு வேகத்தில் ஓடியிருந்தால் 26,280 யூனிட் வந்திருக்க வேண்டும். வந்தது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இது பேனலின் குறை அல்ல. ராத்திரி சூரியன் இல்லை, அவ்வளவுதான்.

இதை நாட்டுக்கு விரித்துப் பாருங்கள். ஒரு மெகாவாட் ஒரு வருஷம் இடைவிடாமல் ஓடினால் 87.6 லட்சம் யூனிட். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு மெகாவாட் சோலார் தருவது ஏறக்குறைய 16, 17 லட்சம். காற்றாலை 22 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம், இடத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். நிலக்கரி நிலையம் 60 லட்சத்துக்குப் பக்கம். அணுமின் நிலையம் 70 லட்சத்தைத் தொடும். அதனால்தான் மெகாவாட்டில் பாதியைத் தொட்ட நாட்டில், யூனிட்டில் பார்த்தால் 2024-25ல் நாலில் மூன்று பங்குக்குப் பக்கம் நிலக்கரியில் இருந்தே வந்தது. பெரிய அணைகளையும் சேர்த்துக் கூட்டினாலும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் அந்த ஆண்டு ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் நின்றது.

இப்போது அந்தப் பிள்ளையின் அப்பா விஷயம். ஓட்டம் ஏன் குறையவில்லை? நாட்டின் மொத்தத் தேவையும் வருஷா வருஷம் ஏறுகிறது. 2024-25ல் மொத்த உற்பத்தி 1,800 பில்லியன் யூனிட்டைத் தாண்டியது. அந்த ஒரு வருஷத்தில் புதிதாகச் சேர்ந்த சோலார் ஏறக்குறைய 24 கிகாவாட். அது முழு ஆண்டு ஓடினால் 40 பில்லியன் யூனிட் தரும். பெரிய எண்தான். ஆனால் ஏசி, மோட்டார், தொழிற்சாலை என்று தேவை அதைவிட அதிகமாகக் கூடிய ஆண்டுகள் உண்டு. அப்படிப்பட்ட ஆண்டில் சோலாரும் ஏறும், நிலக்கரியும் ஏறும். சதவீதத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. அதனால் வரைபடத்தில் ஒரு கோடு போதாது டீச்சர். மொத்த யூனிட் ஒரு கோடு, நிலக்கரி ஒரு கோடு, புதுப்பிக்கத்தக்கது ஒரு கோடு. மூன்றும் ஒரே தாளில். நிலக்கரிக் கோடு என்றைக்குக் கீழே திரும்பி, அப்படியே இரண்டு மூன்று வருஷம் இறங்கிக்கொண்டே போகிறதோ, அன்றைக்கு லாரி ஓட்டம் குறையும்.

எங்கிருந்து எடுப்பது என்றால், மூன்று இடம். மத்திய மின்சார ஆணையம் மாதாமாதம் நிறுவுதிறன், உற்பத்தி இரண்டையும் வெளியிடுகிறது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் சோலார், காற்று, உயிரிக்கழிவு, சிறு நீர்மின் என்று பிரித்து மெகாவாட்டை மாதம் ஒரு தடவை போடுகிறது. அப்புறம் கிரிட் இந்தியா. 2022 வரை போசோகோ என்ற பெயரில் இருந்தது. அங்கே நேற்றைய கணக்கு இன்றைக்கே வந்துவிடும், மாநில வாரியாக, எது எவ்வளவு யூனிட் என்று. எனக்கு மிகப் பிடித்தது அதுதான், நாங்கள் எழுதிய லாக் ஷீட்டின் பெரிய தம்பி மாதிரி இருக்கும். அதில் எண்கள் மில்லியன் யூனிட்டில் இருக்கும். ஒரு மில்லியன் என்றால் 10 லட்சம், பில்லியன் என்றால் 100 கோடி. இதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சைபரில் வழுக்கி விழுவார்கள்.

இன்னொன்று, பெயர் மாறுகிற இடங்கள். செய்தியில் "புதைபடிவமற்றது" என்று இருந்திருக்கும், அதாவது நிலக்கரி, எரிவாயு மாதிரி எரிபொருள் எரிக்காதது. அதில் அணுமின்சாரம் 8.78 கிகாவாட்டும் அடக்கம். புதுப்பிக்கத்தக்கது என்றால் அதைக் கழிக்க வேண்டும். பிறகு இடுக்கி நீர்மின் நிலையம். 1976ல் இருந்து ஓடுகிறது, 780 மெகாவாட். ஆனால் 2019 மார்ச் வரை அரசுக் கணக்கில் அது புதுப்பிக்கத்தக்கது அல்ல. 25 மெகாவாட்டுக்கு உட்பட்ட நீர்மின் நிலையம்தான் அந்தப் பட்டியலில் இருந்தது. நம் மாவட்டப் பஞ்சாயத்து 2014ல் கட்டிய மீன்வல்லம், வெறும் 3 மெகாவாட், அது பட்டியலில் உண்டு. மூலமற்றத்தில் மலைக்குள் சுழலும் இடுக்கி டர்பைன்கள் பட்டியலில் இல்லை. 2019ல் விதி மாறியது, பெரிய அணைகளும் உள்ளே வந்தன. ஒரு டர்பைன்கூடப் புதிதாக வைக்காமல் காகிதத்தில் நாட்டின் எண் ஏறியது. விதி மாறியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன், இடுக்கித் தண்ணீரும் வானத்தில் இருந்து வருவதுதான். ஆனால் 2018 எண்ணையும் 2020 எண்ணையும் பக்கத்தில் வைக்கிறவர் பெரிய அணையை இரண்டிலும் சேர்க்க வேண்டும், அல்லது இரண்டிலும் விட வேண்டும்.

கேத்தனூர் காத்தாடி

ஐயா சொன்னதில் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். நான் கொழிஞ்சாம்பாறையில் இருந்து பல்லடம் பக்கம் காத்தாடி மெயின்டனன்ஸுக்குப் போய் வருகிறவன், 18 வருஷமாக. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுதான் எங்களுக்குச் சோறு. மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை சீசன். 225 கிலோவாட் பழைய மெஷின் ஒன்று சீசனில் ஒரே நாளில் 4,000 யூனிட்டுக்கு மேல் தரும். அதே மெஷின் ஜனவரியில் 200 யூனிட் தந்தால் பெரிய விஷயம்.

அதனால் டீச்சருக்கு ஒரு வேண்டுகோள். ஜூலை எண்ணையும் ஜனவரி எண்ணையும் ஒப்பிட்டு முன்னேற்றம், பின்னடைவு என்று பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது. இந்த ஜூலைக்குப் போன ஜூலை. அப்படித்தான் பார்க்க வேண்டும்.

யூனிட் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு, அது யாருக்கும் தெரிவதில்லை. காற்று நன்றாக அடிக்கும், மேலிருந்து போன் வரும், மெஷினை நிறுத்தச் சொல்வார்கள். லைனில் இடம் இருக்காது, அல்லது அந்த நேரத்துக்குத் தேவை குறைவாக இருக்கும். நாங்கள் பேக் டவுன் என்போம். ஆடி மாதக் காற்றில் இறக்கை நிற்பதைக் கீழே இருந்து பார்த்தால் வயிறு எரியும். அந்த இழப்பு உற்பத்திக் கணக்கில் வராது, உற்பத்தியே ஆகவில்லையே. நாட்டின் எண் குறைந்தால் காத்தாடி குறைவு என்று அர்த்தம் இல்லை, கம்பி குறைவாகவும் இருக்கலாம். கம்பி எவ்வளவு தூரம் இழுத்தார்கள் என்பதும் முன்னேற்றக் கணக்கில் ஒன்று.

பழைய மெஷினைக் கழற்றிப் புதியது வைக்கும்போதும் கவனம் வேண்டும். நாலு 225ஐ இறக்கிவிட்டு, 2 மெகாவாட் ஒன்று ஏற்றினால் செய்தியில் 2 மெகாவாட் சேர்ந்தது என்றுதான் வரும். நிகரமாகச் சேர்ந்தது 1.1 தான். தமிழ்நாட்டில் 1986ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் தொடங்கியது காற்றாலை. அதனால் இங்கே வயதான மெஷின்கள் நிறைய.

ஒரே ஒரு இடத்தில் ஐயாவோடு மாறுபடுகிறேன். மெகாவாட்டைத் தள்ளிவிடாதீர்கள். அந்த வருஷம் எத்தனை பேர் கோபுரம் ஏறினோம், எவ்வளவு பேனல் மாட்டினார்கள் என்பது அதில்தான் தெரியும். மழை, காற்று, மேகம் எதுவும் அதை மாற்றாது.

வேலந்தாவளம் டீச்சர்

இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் மணக்கடவு உதாரணத்தைச் சொன்னேன். பாதிப் பிள்ளைகள் விவசாய வீட்டுப் பிள்ளைகள், உடனே பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது அவர்களே மூன்று கேள்வி கேட்கிறார்கள். ஒன்று, எங்கள் பள்ளிக் கூரையில் இருக்கிற பேனல் நாட்டின் கணக்கில் வருகிறதா? இரண்டாவது, கேரளாவில் நிலக்கரி நிலையம் இல்லையே, அப்படியென்றால் நாம் முழுக்கப் பசுமையா? மூன்றாவதாக ஒரு பையன், நாம் மற்ற நாடுகளைவிட முன்னால் இருக்கிறோமா பின்னால் இருக்கிறோமா என்று கேட்டான். முதல் இரண்டுக்கு ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

ரைன் கரையில் ஒரு நர்ஸ்

டீச்சர், நான் மீனாட்சிபுரத்துக்காரி, இப்போது ஜெர்மனியில் வேலை. மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். இங்கே செய்தியில் வருகிற சதவீதம் மொத்த மின் நுகர்வில் புதுப்பிக்கத்தக்கது எவ்வளவு என்பது. 2023ல் அது பாதியைத் தாண்டியது. அது யூனிட் கணக்கு. இந்தியாவின் "பாதி" மெகாவாட் கணக்கு. இரண்டு பாதியும் ஒன்றல்ல, அந்தப் பையனிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

அப்புறம், இங்கே கடைசி மூன்று அணுமின் நிலையங்களையும் 2023 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். பக்கத்து நாடான பிரான்ஸில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு அணுமின்சாரம்தான். "புதைபடிவமற்றது" என்று பட்டியல் போட்டால் பிரான்ஸ் மேலே, "புதுப்பிக்கத்தக்கது" என்று போட்டால் ஜெர்மனி மேலே. நார்வேயில் பெரும்பங்கு அணைத் தண்ணீர். அவர்களுக்கு அமைந்த மலையும் மழையும் ராஜஸ்தானுக்கு இல்லை. ஒரு நாட்டை அதனுடைய பத்து வருஷத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிடுவதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தியாவில் 2014 மார்ச்சில் சோலார் 3 கிகாவாட்டுக்கும் குறைவு. இன்று 110ஐத் தாண்டிவிட்டது. ஊருக்கு வரும்போது கோயம்புத்தூரில் விமானம் இறங்குகையில் கீழே கூரைகளில் பளபளப்பதைப் பார்த்தால் எனக்குக் கண் நிறைந்துவிடும்.

பழைய ஆபரேட்டர், கொழிஞ்சாம்பாறை

கேத்தனூர் தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மெகாவாட்டும் வேண்டும். அதை உழைப்பின் கணக்காக எழுதலாம். அரசு 2015ல் வைத்த இலக்கும் மெகாவாட்டில்தான் இருந்தது. 2022க்குள் 175 கிகாவாட், அதில் சோலார் 100, காற்று 60, உயிரிக்கழிவு 10, சிறு நீர்மின் 5. 2022 டிசம்பர் முடிவில் வந்து நின்றது 121க்குப் பக்கம். சோலார் 63, காற்று 42. உயிரிக்கழிவு மட்டும் இலக்கைத் தாண்டியது, சிறு நீர்மின் ஏறக்குறையத் தொட்டது. இப்போது அடுத்த இலக்கு, 2030க்குள் புதைபடிவமற்றது 500 கிகாவாட். பெயரைக் கவனியுங்கள், 175ல் பெரிய அணையும் இல்லை, அணுவும் இல்லை. 500ல் இரண்டும் உண்டு. ஒரே ஏணியின் இரண்டு படி என்று நினைத்துவிடக் கூடாது.

பள்ளிக் கூரை. உங்கள் பேனலின் கிலோவாட் நாட்டின் நிறுவுதிறன் கணக்கில் கூரை சோலார் என்ற பகுதியில் சேரும். யூனிட் விஷயம்தான் சிக்கல். பகல் பத்து மணிக்கு அந்த மின்சாரத்தில் உங்கள் வகுப்பு மின்விசிறி சுற்றினால், அது கம்பிக்கே வருவதில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு வேலந்தாவளத்தில் தேவை கொஞ்சம் குறைந்த மாதிரி மட்டும் தெரியும். கிரிட் இந்தியாவின் தினசரி அறிக்கை அதைப் பிடிக்காது. மிச்சமாகி வெளியே போவதை மீட்டர் பிடிக்கும். பணியில் கடைசி சில வருஷங்களில் இதை நானே பார்த்தேன். மத்தியானத்தில் ஃபீடர் லோடு, அதாவது ஊருக்குப் போகும் லைனில் இழுக்கும் மின்சாரம், முன்பு மாதிரி ஏறவில்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரேயடியாக எழும்பியது. 2024ல் வீட்டுக் கூரை சோலாருக்கு பி.எம். சூர்ய கர் திட்டம் வந்தது, ஒரு கோடி வீடு என்று இலக்கு. வீட்டுக் கூரைகள் பெருகப் பெருக, கண்ணுக்குத் தெரியாத இந்த யூனிட்டும் பெருகும். பிள்ளைகள் தங்கள் வீட்டு மீட்டரைப் படித்து வந்தால், நாட்டுக் கணக்கில் வராத ஒரு பகுதி உங்கள் பலகையில் வரும். இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

கேரளா முழுக்கப் பசுமையா? இந்தக் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது. மாநிலத்துக்குள் உற்பத்தி ஆவதை மட்டும் கூட்டினால் ஏறக்குறைய எல்லாமே அணைத் தண்ணீர், கொஞ்சம் சோலார், கஞ்சிக்கோட்டிலும் அகளியிலும் ராமக்கல்மேட்டிலும் கொஞ்சம் காற்று. படத்தில் போட்டால் பச்சையாக இருக்கும். ஆனால் நாம் செலவழிப்பதில் பெரும்பங்கு வெளியில் இருந்து வருகிறது. புகளூரில் இருந்து திருச்சூர் மாடக்கத்தறைக்கு 2021ல் தொடங்கிய 2,000 மெகாவாட் நேர்மின் பாதை நம் மாவட்டம் வழியாகத்தான் போகிறது. அதில் வருவதில் நிலக்கரி எவ்வளவு, காற்று எவ்வளவு என்று கம்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது. நாடுகளிலும் இதே கதை உண்டு. பூட்டானில் எல்லாமே நீர்மின், மழைக்காலத்தில் நமக்கு விற்கிறார்கள். குளிர்காலத்தில் ஆறு வற்றினால் நம்மிடம் வாங்குகிறார்கள். அதனால் உற்பத்தி ஒரு கணக்கு, நுகர்வு இன்னொரு கணக்கு. எதை எழுதுகிறோம் என்று மேலே தலைப்பிலேயே போட வேண்டும்.

2024 மே மாதம் நினைவிருக்கிறதா? அந்த வெயிலில் கேரளாவின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. உச்சம் வந்தது பகலில் அல்ல, இரவு பத்து மணிக்கு மேல். எல்லா வீட்டிலும் ஏசி, சோலார் பூஜ்யம். அதற்கு முந்தைய வருஷம் மழையும் பொய்த்தது, 2023 ஆகஸ்ட் நாடு முழுவதும் 1901க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்ட். அந்த ஆண்டு நாட்டின் நீர்மின் உற்பத்தியே இறங்கியது. அப்படி ஒரு ஆண்டில் சதவீதம் குறைந்தால் யாரும் சோம்பி இருந்தார்கள் என்று ஆகாது. ஐந்து ஆண்டுச் சராசரி எடுத்தால்தான் மழையின் ஆட்டம் அடங்கி, மனிதர் செய்தது தெரியும்.

கடம்பாறை நீர்மின் நிலையத்தையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் சுற்றுலா போகும் வழி. 400 மெகாவாட். மின்சாரம் மிச்சமாகும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி ஓட்டுவார்கள். ஏற்றுவதற்குச் செலவாகும் யூனிட்டைவிட இறக்கும்போது கிடைப்பது குறைவு. பகல் சோலாரை ராத்திரிக்குக் கொண்டுபோக இதுவும் பேட்டரியும் அவசியம். ஆனால் அங்கே வருகிற யூனிட்டைப் புதிய உற்பத்தி என்று இரண்டாவது தடவை எழுதிவிடக் கூடாது.

வேலந்தாவளம் டீச்சர்

ஐயா, பலகையை மூன்றாகப் பிரித்துவிட்டோம். இடது பக்கம் மெகாவாட், மாதம் ஒரு தடவை. நடுவில் யூனிட், மூன்று கோடு, நிலக்கரிக்குக் கறுப்பு. வலது பக்கம் பிள்ளைகளின் வீட்டு மீட்டரும் பள்ளிக் கூரை மீட்டரும். நிலக்கரிக் கோட்டை வரைகிற பொறுப்பை லாரிக்காரர் மகளிடமே கொடுத்திருக்கிறேன். அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மூன்றாவது பீரியட் வர முடியுமா? லாக் ஷீட் என்றால் என்ன என்று பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

பழைய ஆபரேட்டர், கொழிஞ்சாம்பாறை

வருகிறேன் டீச்சர். வெற்று லாக் ஷீட் நாலைந்து என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன். ஒன்று சொல்ல விட்டுப்போனது. மாத அறிக்கையில் முதலில் வருகிற எண் தற்காலிகமானது, பின்னால் திருத்துவார்கள். அதனால் நடுப்பகுதியைப் பென்சிலில் போடச் சொல்லுங்கள். திருத்தம் வந்த பிறகு மையில் எழுதலாம். நாங்களும் ஷிப்ட் முடிகிற வரை பென்சில்தான்.

கேத்தனூர் தம்பிக்கு அன்று லீவு கிடைத்தால் அவரையும் கூட்டி வருகிறேன்.